பை வைத்த இருக்கை

கில்ஜாவோடு மலை ஏறுவதும் ஓடுகிற லாரியைத் துரத்துவதும் ஒன்று என்று அவள் மகள் யுன்சுல் சொல்வாள். மிகையாகச் சொல்லவில்லை. கில்ஜாவுக்கு அறுபதைத் தொடப்போகிற வயது. இரண்டு முழங்காலிலும் பட்டை. ஆனாலும் உன்ஜோங் மலைக்குப் போகும் ஊர்ப் பேருந்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நின்றுவிட்டுப் போகட்டும், அது அவள் கால். ஆனால் காலியான இருக்கை ஒன்றில் தன் மலையேறும் பையை வைத்துவிட்டு அதற்குக் காவல்போல நிற்பாள், அதைத்தான் பொறுக்க முடியாது.

அன்றும் அப்படித்தான் நின்றாள். புத்தர் பிறந்த நாளுக்கு முந்தின ஞாயிறு. பேருந்து நிறைய மலையேறிகள். சிவப்புத் தொப்பி போட்ட பருத்த மனிதர் ஒருவர், இடுப்பில் தொங்கிய ரேடியோ பழைய பாட்டை அலற, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"ஏம்மா, இந்தப் பைய கொஞ்சம் எடுத்தா நான் உக்காந்துக்குவேன்."

"ஆள் வருது," என்றாள் கில்ஜா.

"எங்க வருது? அடுத்த ஸ்டாப்புலயா?"

"வர்றப்ப வரும்."

"அடுத்த ஸ்டாப்பே கடைசி ஸ்டாப்பும்மா. உங்க ஆளு பறந்து வந்து ஜன்னல் வழியா ஏறுவாரா?"

பேருந்தே சிரித்தது. யுன்சுலுக்கு மானம் போயிற்று. சட்டென்று எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பை மட்டும் சொகுசாக உட்கார்ந்து வந்தது.

வருவதாக அவள் சொல்கிற அந்த ஆள் யார் என்று துறைமுகத் தெருவில் கேட்டால் பச்சைப்பிள்ளையும் சொல்லும். கில்ஜாவின் கணவர் பாங் தொக்சு. படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். யுன்சுல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கணவாய் மீன் பிடிக்கப் போகிற படகு ஒன்றில் எஞ்சின்காரனுக்குக் காய்ச்சல் என்று இவரைக் கூப்பிட்டார்கள். ரெண்டு ராத்திரிதானே என்று சொல்லிவிட்டுப் போனார். படகு திரும்பவில்லை. மிதவைகள் சில கிடைத்தன. ஆட்கள் கிடைக்கவில்லை. மற்ற வீட்டார் கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். பிறகு படத்தை வைத்துச் சடங்கு செய்து அழுது முடித்தார்கள். கில்ஜா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்த அதிகாரியிடம், "ஆளைக் காட்டுங்க, அழறேன்," என்றாள். பழைய காலத்தில் காற்று இழுத்து எல்லை தாண்டி வடக்கே போய் மாட்டிக்கொண்ட படகுகள் வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கின்றன என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு முன்னால் அவளைப் போல அசமந்தம் அந்தத் தெருவில் கிடையாது. சலவைக் கடை வைத்திருந்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டே தூங்கி விழுவாள். எத்தனை சட்டையின் முதுகில் முக்கோணமாகக் கருக்கியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை. தொக்சு அவளை மூட்டை என்றுதான் கூப்பிடுவார். படகு போனதும் அந்த மூட்டைக்குக் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். போனில் பேசும்போது கடையைச் சுற்றி நடப்பாள். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் பாதியில் எழுந்து வெளியே போய் நிற்பாள். எங்கே போனாலும் பக்கத்து இடத்தில் பை இருக்கும். கேட்டால் ஆள் வருது. பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது யுன்சுலுக்குக் கல்யாணம். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை ஜின்மோவின் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அழைப்பிதழில் பெற்றவர்கள் பெயர் முதலில் வரும். தகப்பன் இறந்திருந்தால் பெயருக்கு முன்னால் காலஞ்சென்றவர் என்பதற்கு ஓர் எழுத்துப் போடுவார்கள். அது இருந்தால் மண்டபத்தில் அப்பாவின் நாற்காலியில் பெரியப்பாவோ மாமாவோ உட்காரலாம், யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் அப்பாதான் வந்து உட்கார வேண்டும். பாங் தொக்சு என்ற பெயருக்கு முன்னால் அந்த எழுத்தைப் போடுவதா, வேண்டாமா? திங்கட்கிழமை அச்சகத்தில் சொல்லியாக வேண்டும். நாளை.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவள் இல்லை. பக்குவமாகத்தான் கேட்டாள். "எப்படிப் போடறதுன்னு உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடும்மா." கேட்கிறேன் என்று யுன்சுல் சொல்லி ஒரு மாதம் ஆயிற்று. போனில் கேட்டால் கடையில் கூட்டம் என்பாள் அம்மா. நேரில் போனால் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைத் திறந்துவிட்டுவிடுவாள். மலையில் தப்பி ஓட முடியாது என்று நினைத்துத்தான், நடக்கவே பிடிக்காத யுன்சுல் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

மலையில்தான் அம்மா நன்றாக ஓடுவாள் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

அடிவாரத்தில், பாதை தொடங்குகிற இடத்தில், கூரை ஓடுகள் அடுக்கிக் கிடந்தன. உன்ஜோங் கோயிலுக்கு வண்டி போகிற வழி கிடையாது. எரிந்துபோன மண்டபத்தைத் திரும்பக் கட்டுகிறார்கள். ஏறுகிறவர்கள் ஆளுக்கோர் ஓட்டை எடுத்துப்போனால் புண்ணியம் என்று பலகை வைத்திருந்தார்கள். யுன்சுல் ஒன்றை எடுத்து, அதன் கனத்தைப் பார்த்து, திரும்ப வைத்துவிடலாமா என்று யோசித்தாள். அம்மா அதற்குள் இரண்டைத் துணியில் சுற்றி முதுகுப்பைக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

"ரெண்டு எதுக்கு? முட்டி இருக்கிற லட்சணத்துக்கு."

"ஒண்ணு உங்கப்பா பங்கு. இந்த மலைக்கு வந்தப்பல்லாம் ஒரு துரும்பு தூக்கினதில்ல அந்த மனுஷன். கீழ வந்து அரிசிக் கள்ளு குடிக்கத்தான் மேல ஏறுவாரு."

சொல்லி முடிப்பதற்குள் முதல் வளைவில் மறைந்துவிட்டாள்.

கருவாலி மரங்களில் புது இலை விட்டிருந்தது. ஓடையோரம் போகிற வரைக்கும் பாதை நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு வேர்களும் பாறைகளுமாக நேரே எழுந்து நின்றது. யுன்சுலுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவின் ஊதா நிறச் சட்டை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்த இடத்திலெல்லாம் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, நாளைக்கு அச்சகத்துல சொல்லணும்."

"பாத்து வா. வேர் வழுக்கும்."

"அம்மா, அத்தை ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

"தண்ணி குடிச்சியா? குடி."

குடித்துவிட்டு நிமிர்ந்தால் அம்மா இல்லை.

இறங்கி வருகிறவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று யுன்சுல் கேட்டாள். "வந்தாச்சும்மா, பத்து நிமிஷம்தான்," என்றார்கள். இந்த நாட்டில் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. அரை மணி நேரம் கழித்து இன்னொரு கூட்டமும் அதையே சொன்னது. அவர்களில் ஒரு பெண்மணி, வாடிப்போன அவள் முகத்தைப் பார்த்து, பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து முறித்துப் பாதியைக் கொடுத்தாள். யுன்சுல் அதைக் கடித்துக்கொண்டே கோபத்தை வளர்த்தாள். யார் யாரோ நின்று பேசுகிறார்கள். பெற்றவளுக்கு நிற்க முடியவில்லை.

கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய பாறையில்தான் அம்மாவைப் பிடித்தாள். முன்னால் கூட்டம் நின்றதால் அம்மாவும் நிற்க வேண்டியிருந்தது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாரும்மா."

கில்ஜாவின் கால் அசைவது நின்றது.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்."

"அப்ப ஊரையே கேட்டு அச்சடி. என்னை எதுக்குக் கேக்கறே? வெறும் பேரைப் போடு. பேரு பேராவே இருக்கட்டும்."

"போட்டுட்டு? அன்னிக்கு எல்லாரும் அப்பா எங்கன்னு கேப்பாங்க. நாற்காலி காலியாக் கிடக்கும். நீ அதுமேல பைய வெச்சிட்டு, பக்கத்துல நின்னு ஆள் வருதுன்னு சொல்லப்போறியா?"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான். கில்ஜா மகளைப் பார்க்கவில்லை. முதுகுப்பையின் வாரை இறுக்கினாள். முன்னால் நின்றவர் நகர்ந்ததும் கயிற்றைப் பிடித்து, முழங்காலுக்குப் பட்டை கட்டிய பெண்ணா இது என்று பார்க்கிறவர்கள் அசரும்படி ஏறிப் போனாள். அதன் பிறகு கோயில் வருகிற வரை யுன்சுல் அவளைப் பார்க்கவில்லை.

நான்கு காவல் தெய்வங்களும் கண்ணை உருட்டிப் பார்க்கிற வாசலைத் தாண்டினால் முன் முற்றம். நடுவில், போரில் எல்லாம் எரிந்தபோதும் எரியாமல் தப்பிய கல் கோபுரம். அதன் தலைக்கு மேலே கயிறு கயிறாகக் கட்டி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தாமரை விளக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர்ச் சீட்டு காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. அவை உயிரோடிருக்கிறவர்களுக்கு. இறந்தவர்களுக்கு வெள்ளை விளக்கு, பின்னால் மறுமை மண்டபத்தை ஒட்டிய சின்ன முற்றத்தில். கிழக்குப் பக்கம் மதில் இல்லை. காட்டுக்கு அப்பால், வெகு கீழே, கடல் தகடு மாதிரி கிடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கே போய் நின்று படம் எடுப்பார்கள். கில்ஜா ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

ஓடுகளை இறக்கி வைத்துவிட்டு, கீரைகளும் மிளகாய்ப் பசையும் போட்டுப் பிசைந்த கோயில் சோற்றை நின்றபடியே தின்று, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டாள். யுன்சுல் அப்போதுதான் வாசல் ஏறி வந்தாள். விளக்கு கொடுக்கிற மேஜையில் ஓக்புன் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குத் தொண்டு செய்கிற விதவை. கில்ஜாவின் பழைய சிநேகிதி. வாய் கொஞ்சம் நீளம்.

"வழக்கம்போலத்தானே கில்ஜா? முன் முற்றம்?"

"வழக்கம்போலத்தான்."

ஓக்புன் இளஞ்சிவப்பு விளக்கை எடுத்து, சீட்டில் பாங் தொக்சு என்று எழுதிக் கொடுத்தாள். கில்ஜா அதை வாங்கித் தூணோரம் வைத்தாள். பை தூணுக்குப் பின்னால் போயிற்று. சமையலறைப் பக்கம் கீரை மலைபோலக் கிடப்பதைப் பார்த்தவள், கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஓடிவிட்டாள்.

யுன்சுல் மேஜைக்கு அருகில் குனிந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த யோசனைதான். வெள்ளை விளக்கு ஒன்றைத் தானே மாட்டிவிடுவது. அம்மா பார்ப்பாள், கத்துவாள், ஒரு மூச்சு அழுவாள், அத்தோடு முடிந்துவிடும். புண்ணைக் கீறிவிடுகிற மாதிரிதான். நல்லதற்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"சித்தி, எங்கப்பாவுக்கு வெள்ளை ஒண்ணு வேணும்."

ஓக்புன் எழுதுகோலை வைத்துவிட்டு அவளை ஒருமாதிரி பார்த்தாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை போய்த் திரும்பியது.

"அவருக்குத்தான் தொங்குதேடி."

"இது இல்ல சித்தி. வெள்ளை. பின்னாடி."

"பின்னாடிதான் சொல்றேன். உங்கம்மா போன வாரமே வந்து மாட்டிட்டுப் போயிட்டாளே. வருஷா வருஷம் அப்படித்தான். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்து பின்னாடி ஒண்ணு. அப்புறம் எல்லாரோடயும் வந்து முன்னாடி ஒண்ணு. ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கமும் மாட்டக்கூடாதுன்னு பெரிய சாமியாரு சொல்லுவாரு. நான்தான் கண்டும் காணாம விட்டுடறது." சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உனக்குத் தெரியாதா?"

யுன்சுல் பின்னால் போனாள். ஓக்புன் யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள். மறுமை மண்டபத்தின் நிழலில் வெள்ளை விளக்குகள் வரிசையாகத் தொங்கின. அந்தப் படகில் போனவர்களின் பெயர்கள் ஒரே வரிசையில் இருந்தன. நாலாவது விளக்கு பாங் தொக்சு. மற்ற சீட்டுகள் எல்லாம் நூலில் கட்டியிருந்தன. இந்தச் சீட்டு மட்டும் விளக்கோடு சேர்த்துத் தைத்திருந்தது. சாம்பல் நிற நூல், இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. சலவைக்கு வருகிற துணிகள் மாறிப்போகாமல் இருக்க அம்மா காலரில் சீட்டுத் தைப்பாளே, அதே தையல். புயல் அடித்தாலும் போகாது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கில்ஜா ஈரக் கையோடு, இளஞ்சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓக்புன்தானே சொன்னா? அவ வாயத்தான் மொதல்ல தைக்கணும்."

"எப்பலேர்ந்தும்மா?"

"மொத வருஷத்துலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் இத்தன வருஷமா உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"என்னன்னுடி சொல்றது? செத்துட்டாருன்னு நம்பி மாட்டினேனா? இல்ல. இருக்காருன்னு நம்பி முன்னாடி மாட்டறேனா? அதுவும் தெரியல." கில்ஜாவின் குரல் உயரவில்லை. கடையில் ஒரு கறையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "முன்னாடி மட்டும் மாட்டிட்டுப் போனா, மத்த ஆளுங்க எல்லாம் வெளிச்சத்துல இருக்க இவரு மட்டும் இருட்டுல கிடக்காரோன்னு ராத்திரி முழுக்க அடிச்சிக்குது. இங்க வந்து மாட்டினா, எங்கயோ உயிரோட இருக்கிற மனுஷன நானே கொன்னுட்டேனோன்னு இருக்கு. அங்க நின்னா இங்க ஓடணும். இங்க நின்னா அங்க ஓடணும். என்னை எங்க உக்காரச் சொல்றே?"

யுன்சுலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாறையில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கில்ஜா கையை ஆட்டித் தடுத்துவிட்டாள்.

"நீ சொன்னது சரிதான். அந்த மண்டபத்த நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. கார்டெல்லாம் ஒண்ணுமில்ல. அவ்ளோ பேரு முன்னாடி, அந்த நாற்காலி பக்கத்துல, எழுந்திருக்காம நான் உக்காரணும். யாரோ உங்க மாமன் வந்து அதுல உக்காந்துட்டா, நான் எழுந்து ஓடிருவேனோன்னு பயமா இருக்கு. உன் கல்யாணத்துல."

"ஓடினா ஓடும்மா. நான் பாத்துக்கறேன்."

"கூமுட்டை மாதிரிப் பேசாத. பொண்ணு கல்யாணத்துல அம்மாக்காரி ஓடுவாளா?" விளக்கை மகளின் கையில் திணித்தாள். மேல்சட்டையில் குத்தி வைத்திருந்த ஊசிநூலையும் உருவிக் கொடுத்தாள். "எனக்குக் கை ஈரம். நீயே போய் மாட்டு."

யுன்சுல் முன் முற்றத்துக்கு வந்து ஏணியில் ஏறினாள். சீட்டைத் தைக்கப் போய் விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டாள். அம்மாவின் தையல் அவளுக்கு வரவில்லை. கோணலாக வந்தது. கொக்கியைக் கயிற்றில் மாட்டக் கையை உயர்த்தியபோதுதான் பார்த்தாள்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பிறகு கிழக்குப் பக்கம் நடந்து, பிரசங்க மண்டபத்தின் மர விளிம்பில், கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். பழக்கம் விடுமா, பையைப் பக்கத்தில் வைத்தாள். யுன்சுல் ஏணியில் அசையாமல் நின்றாள். எழுந்துவிடுவாள், இதோ எழுந்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது சிவப்புத் தொப்பிக்காரர் வந்தார். பேருந்தில் வந்த அதே ஆள். ரேடியோவை அணைத்திருந்தார். முகம் தொப்பியைவிடச் சிவந்திருந்தது. விளிம்பில் மற்ற இடமெல்லாம் ஆட்கள். பை இருந்த இடத்தையும் பைக்குப் பக்கத்தில் இருந்தவளையும் பார்த்தவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இங்கயும் ஆள் வருதாம்மா?"

கில்ஜா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சங்கடப்பட்டு நகரப்போனார். அவள் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். "யாரும் வரல. உக்காருங்க."

அவர் பெருமூச்சோடு பொத்தென்று உட்கார்ந்து, ஒரு வெள்ளரிக்காயை முறித்துப் பாதியை நீட்டினார். கில்ஜா வாங்கிக்கொண்டாள். யுன்சுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு விளக்கைக் கயிற்றில் மாட்டி முடித்தாள். அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்த எழுத்தைப் போடும்படி நாளைக்கு அச்சகத்தில் சொல்ல, அவள் இனி அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை.